அத்தியாயம் ஏழு: இடது முன்கால் லாடம்

“ஏனுங்க சார், விஷம் வெச்சவன் செத்த குதிரையோட தலையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பானுங்களா? ஓடித் தொலைஞ்சிருக்க மாட்டானுங்களா?”

கேட்டவள் வடிவு. துப்பறியும் திருநாராயணனின் உதவியாளர். கொள்ளேகாலில் பட்டுநூல் முறுக்கிக்கொண்டிருந்தவள், மைசூருக்கு வந்து மூன்று வருஷமாக மனிதர்களை முறுக்கிக்கொண்டிருக்கிறாள். வாய் சும்மா இருந்தால் அவளுக்குத் தலைவலி வந்துவிடும்.

“அழறவனெல்லாம் நல்லவன்னு சட்டத்துல இல்லை வடிவு” என்றார் திருநாராயணன்.

தேவராஜ மொஹல்லாவில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது அவருடைய ஆபீஸ். கீழே யாரோ அண்டாவைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் கதவோரம் நின்றிருந்தாள் அஞ்சலை. மூன்று நாளாகத் தலை வாராத கோலம். அவளைப் பார்த்ததும் வடிவுக்கே கேலி பாதியில் நின்றது.

சனிக்கிழமை நடந்ததை மைசூரே பார்த்தது. சாமுண்டி மலை அடிவாரத்து ரேஸ் மைதானத்தில், கடைசி வளைவு தாண்டி முதலாவதாக வந்துகொண்டிருந்தது ஒரு பெண்குதிரை. ரேஸ் கார்டில் அதன் பெயர் மைசூர் பேர்ல். லாயத்தில் முத்து. படாரென்று சத்தம் கேட்டதாம், கேலரி வரைக்கும். இடது முன்கால் முறிந்து முத்து தலைகுப்புற விழ, மேலே இருந்த ஜாக்கி சேகரன் பின்னால் வந்த குதிரைகளின் குளம்படியில் போனான். குதிரையை அங்கேயே சுட்டார்கள். சேகரன் ஆஸ்பத்திரி வாசலைக்கூடப் பார்க்கவில்லை.

முத்துவை அறுத்துப் பார்த்தால் வாயெல்லாம் புண், வயிறெல்லாம் புண். “என் குதிரைக்கு யாரோ விஷம் வைத்துவிட்டான்” என்று குதித்தார் சொந்தக்காரர் நரசிம்மமூர்த்தி. போலீஸ் லாயத்தைப் புரட்டியது. குதிரையைத் தேய்த்துத் தீனி போடும் குதிரைக்காரன் காளியப்பன் ராகி உருண்டை பிசைகிற கிண்ணத்தில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. போதாதா? ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். தூள் பரிசோதனைக்குப் பெங்களூர் போயிருக்கிறது, அது வருகிறபோது வரட்டும். காளியப்பனை இன்று சாயங்காலம் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப்போகிறார்கள். குதிரையைக் கொன்ற குற்றம் மட்டுமில்லை, ஓர் ஆளைக் கொன்ற குற்றம்.

அந்தக் காளியப்பன் அஞ்சலையின் புருஷன். செத்துப்போன சேகரன் அவளுடைய கூடப் பிறந்த தம்பி.

“தம்பியைக் கொடுத்துட்டேங்க ஐயா. இவரையும் கொடுத்துட்டு நான் எங்க போவேன்?” என்றாள் அஞ்சலை. “தன் கையில தூக்கி வளத்த பையனை அவரு கொல்லுவாராங்க? அவனை ஜாக்கியா ஆக்கினதே அவருதாங்க.”

“காளியப்பன் என்ன சொல்றான்?”

“வாயே தொறக்க மாட்டேங்கிறாரு. ‘இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லும்மா’ன்னு இன்ஸ்பெக்டரே என்கிட்ட கேக்குறாரு. இவரு சொவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. சோறும் எறங்கல.”

“குதிரையைப் பத்தி முன்னாடி எதாவது சொன்னானா?”

“கடைசி வாரம், புல்லை மென்னு மென்னு உருண்டையாத் துப்புதுன்னு பொலம்பினாரு. வேற லாயத்துப் பேச்சு எதையும் வீட்டுக்குக் கொண்டாரமாட்டாருங்க.”

திருநாராயணன் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார்.

“முறிஞ்ச காலைச் சுண்ணாம்பு போட்டுப் புதைச்சுட்டா. கால் இனிமே சாட்சி சொல்ல வராது. அது போட்டுண்டிருந்த செருப்பு வரும். லாடம் கட்டறவன் யாரு?”

“டாங்கா ஸ்டாண்டு தொட்டையனுங்க” என்றாள் அஞ்சலை.

திருநாராயணனிடம் ஒரு சைக்கிள் உண்டு. அதன்மேல் அவர் ஏறி யாரும் பார்த்ததில்லை. தள்ளிக்கொண்டே நடப்பார். சக்கரம் சுற்றினால்தான் மூளை சுற்றும் என்பது அவர் கட்சி.

“என்னைக்காச்சும் ஒருநாள் அது உங்க மேல ஏறி உக்காரப்போகுதுங்க சார்” என்றபடி வடிவு பின்னால் நடந்தாள்.

டாங்கா ஸ்டாண்டில் தொட்டையன் ஒரு வண்டிக் குதிரையின் காலைத் தன் தொடைமேல் வைத்து ராவிக்கொண்டிருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“பேர்ல் லாடமா? அது நம்ம கைல எல்லி நிக்குது சார், எங்க நிக்குது? ஜெயிக்கற குதிரை லாடம். வாசப்படில அடிச்சா திருஷ்டி படாதுன்னு ஜனங்க சண்டை போட்டு எடுத்துண்டு போறாங்க. ரேஸுக்கு லேசான லாடம் மாத்தறச்ச கழட்டின முன்கால் லாடம் ரெண்டும் காளியப்பனே கேட்டு வாங்கிண்டான். அதுக்கு முந்தின ஜோடி, மழைக்காலத்துல போட்டது, பூக்கார ஜயம்மாவுக்குக் கொடுத்தாச்சு.”

“தேய்மானம் எப்படி இருந்தது?”

“பழைய லாடத்தை யாரு சார் உத்துப் பாக்கறாங்க? புதுசு சரியா உக்காந்துதான்னுதான் பாப்பேன்.”

“நல்ல தொழிலாளி” என்று முணுமுணுத்தாள் வடிவு. “கல்யாணத்துக்கு மறுநாள் மாமியார் மூஞ்சியை மறந்த மாப்பிள்ளை மாதிரி.”

மார்க்கெட்டில் ஜயம்மாவின் பூக்கடை. மல்லிகைப் பந்துகளுக்குக் கீழே, கடையின் மரப்படியில் இரண்டு லாடம் அடித்திருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சாமி மாதிரி இருந்தன.

“பேடா பேடா! அதுல கை வைக்காதீங்க. அது வந்தப்புறம்தான் என் கடை கடையா இருக்கு” என்று குறுக்கே விழுந்தாள் ஜயம்மா.

“கழட்ட மாட்டோம் அக்கா, தொட்டுத்தான் பாப்போம்” என்று வடிவு அவள் பக்கத்தில் உட்கார்ந்து பூத் தொடுக்கவே ஆரம்பித்துவிட்டாள். “எது வலது, எது இடது?”

“இடது காலுது இடது பக்கம், வலது காலுது வலது பக்கம். மாத்தி அடிச்சா மகாலக்ஷ்மி திரும்பிப் போயிடுவான்னு தொட்டையன் சொன்னான்.”

திருநாராயணன் குனிந்து இரண்டையும் விரலால் தடவினார். வலது லாடம் தேய்ந்து தகடாகியிருந்தது. இடது லாடம் நேற்றுப் பட்டறையிலிருந்து வந்தது போலக் கனமாக இருந்தது.

“அப்போ வலது கால்தானுங்களே கெட்டுப்போன கால்?” என்றாள் வடிவு. “முறிஞ்சது இடது. கணக்கே தப்பா வருது.”

“உன் இடது கால்ல முள்ளு குத்தினா எந்தக் காலை அழுத்தி வைப்பாய்?”

வடிவு எழுந்து இரண்டு அடி நொண்டிப் பார்த்தாள். பூக்கடைக்கு வந்தவர்கள் அவளையே பார்த்தார்கள். அவள் பாதி நொண்டலில் நின்றாள்.

“வலது காலை! இடது கால் தரையிலேயே சரியாப் படாது. அப்போ தேயாது!”

“அதான். இந்த ஜோடியைப் போட்டுண்டிருந்தபோதே முத்துவுக்கு இடது கால்ல கோளாறு. ஆனா சனிக்கிழமை மைதானத்துல அது மணப்பொண்ணு மாதிரி நடந்து வந்ததை ஊரே பார்த்தது. நொண்டி எங்கே போச்சு?”

“கால் சரியாயிருக்கும்.”

“சரியான கால் சமதரையில படார்னு முறியுமா?”

வடிவு குனிந்து இடது லாடத்தை மறுபடி தடவினாள்.

“விஷம் வெச்சா நொண்டி போகாதுங்களே சார்” என்றாள் மெதுவாக.

“போகாது. வலியை எடுக்கறது எதுவோ அது வயித்துக்குள்ளே போயிருக்கு. வா, குதிரை டாக்டரைப் பார்ப்போம்.”

குதிரை டாக்டர் பராசரன் தம் வீட்டு முன்னறையில் ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். நெற்றியில் திருமண் கோணலாக இருந்தது. திருநாராயணனுக்குத் தூரத்து உறவு. இருந்தாலும் ‘வாரும்’ என்றுகூடச் சொல்லவில்லை.

“முத்துவுக்கு என்ன கொடுத்தீர்?” என்றார் திருநாராயணன், நின்றபடியே.

“நான் எதுவும்...”

“ஓய், அது மழைக்காலத்திலேயே நொண்டித்துங்கறதுக்கு மார்க்கெட்ல ரெண்டு சாட்சி மஞ்சள் பூசிண்டு உக்காந்திருக்கு. ஒரு அப்பாவி இன்னிக்கு ஜெயிலுக்குப் போகப்போறான். என்ன கொடுத்தீர்?”

பராசரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மழைக்காலத்திலேயேவா? போன வாரம்தான் புதுசா நொண்டறதுன்னு மூர்த்தி என்னைக் கூப்பிட்டார்!”

பிறகு மனுஷர் உடைந்துவிட்டார். மனுஷர்களின் மூட்டு வலிக்கென்று சில வருஷம் முன்னால் ஒரு புது மருந்து வந்தது. ஃபினைல்பூட்டசோன். வெளிநாடுகளில் குதிரைக்கும் கொடுக்கிறார்கள். வீக்கம் வடியும், வலி அடங்கும். அதைத்தான் பொடியாக வெல்லத்தில் வைத்துக் கொடுக்கும்படி மூர்த்தியிடம் தந்தாராம்.

“நல்ல மருந்துங்காணும். அளவோட, நாலைஞ்சு நாள், ஓய்வோட கொடுத்தா குதிரைக்கு அதைப்போல நல்லது கிடையாது. ஆனா அது எலும்பை ஒட்ட வைக்காது. வலிச்சாத்தான் குதிரை காலைத் தூக்கி வச்சுக்கும். வலி போயிட்டா, விரிசல் விட்ட கால்லயே முழு பாரத்தையும் போட்டு ஓடும். அதுக்கு என்ன தெரியும்? லாயத்தை விட்டு வெளியே விடாதீர்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். சனிக்கிழமை கேலரியில உக்காந்திருந்தேன். முத்து நொண்டாம வெளியே வந்ததைப் பார்த்தேன்.”

“அப்பவே எழுந்து கத்தியிருக்கலாமேங்க?” என்றாள் வடிவு. அவள் குரலில் கேலி இல்லை, கோபம் இருந்தது.

டாக்டர் தரையைப் பார்த்தார்.

“வாய்ப் புண், வயித்துப் புண்?” என்றார் திருநாராயணன்.

“அதுவும் இந்த மருந்து பண்ற வேலைதான், அளவு மீறினா. வாய் புண்ணாகும், தீனியைத் துப்பும். வயிறும் குடலும் அரிக்கும், சிறுநீரகம் கெடும். வெறும் வயித்துல கொடுத்தா இன்னும் மோசம். ரேஸுக்கு முன்னாடி தீனி கட் பண்ணிடுவாளே, வாயில வலை கட்டி.” அவர் நிறுத்தினார். “ஆனா ஒண்ணு இடிக்கறது. நான் கொடுத்த அளவுக்கு, அந்தச் சில நாளுக்கு, அவ்வளவு புண் வராது. ரொம்ப நாளா உள்ளே போயிருந்தாத்தான் அப்படி இருக்கும்.”

“மூர்த்தி முன்னாடியே ரகசியமாக் கொடுத்திருப்பாரோ?”

“தெரியாது. லாயத்துல உருண்டைக்குள்ளே யார் என்ன வைக்கறான்னு யாரும் யாரையும் கேக்கறதில்லை. கேட்டா சந்தேகப்படறதா அர்த்தம், சொன்னா தொழில் ரகசியத்தை விட்டதா அர்த்தம். அங்கே அப்படித்தான்.”

“ஸ்டேஷனுக்கு வந்து இதையெல்லாம் சொல்வீரா?”

பராசரன் அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வரேன். அந்தப் பையன் விழுந்ததுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்லை. நீர் முன்னே போம்.”

தெருவுக்கு வந்ததும் வடிவு துள்ளாத குறைதான்.

“முடிஞ்சுதுங்களா சார்? காளியப்பன் கிண்ணத்துல இருந்த தூள் மூர்த்தியோட பொடி. அந்தாளு தெரிஞ்சேதான் ஓட விட்டிருக்காரு!”

“மூர்த்தி என்ன சொல்லுவார்? ‘நொண்டி போன வாரம்தான் வந்தது, மருந்து கொடுத்தேன், சரியாப் போச்சுன்னு நினைச்சேன்’னு கையை விரிப்பார். அவர் வாயை அடைக்க இன்னும் ஒரு ஜோடி வேணும். காளியப்பன் கொண்டுபோன ஜோடி, கடைசி மாசம் முழுக்க முத்து கால்ல இருந்தது. அதிலேயும் இடது தேயாம இருந்தா, குதிரை மாசக்கணக்கா நொண்டிண்டே இருந்திருக்குன்னு அர்த்தம். சொந்தக்காரருக்குத் தெரியாம இருக்குமா?”

“ரெண்டு லாடம், ஒரு குறடு, மூர்த்தி உள்ளே!” என்று வடிவு கை தட்டினாள். வழியில் ஒரு தச்சனிடம் ஆணி பிடுங்கும் குறடு ஒன்றை இரவல் வாங்கி, அதைச் சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டாள்.

லாயத்துக்குப் பின்னால் குதிரைக்காரர்களின் ஓட்டு வீடுகள் ஒரே வரிசையாக இருந்தன. வாசலில் அஞ்சலை காத்துக்கொண்டிருந்தாள். உள்ளே சேகரனுடைய படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. ஜாக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“உன் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்துருவாரு அக்கா. சோறாக்கி வை” என்றாள் வடிவு.

அஞ்சலை அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை சுட்டது. வடிவுக்கு அப்போது இந்தத் தொழிலே பெருமையாக இருந்தது.

வாசற்படியில் இரண்டு லாடம். “இடது எது, வலது எதுன்னு பாத்துப் பாத்து அடிச்சாரு. இடது காலுதுக்கு மட்டும் ரெட்டைக் குங்குமம் வைக்கச் சொன்னாரு” என்றாள் அஞ்சலை.

திருநாராயணன் உட்கார்ந்து, மேல் துண்டால் மஞ்சளைத் துடைத்தார். வலதைத் தடவினார். இடதைத் தடவினார். மறுபடி வலது. மறுபடி இடது.

“என்னங்க சார்?”

“நீ பார்.”

வடிவு தொட்டாள். இரண்டும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தன. நூலளவுகூட வித்தியாசம் இல்லை.

“வேற குதிரையோட லாடமா இருக்குமுங்க.”

“இல்லை. ஜயம்மா கடையில இருக்கற அதே அளவு, அதே ஆணித் துளை.” அவர் குரல் இறங்கிவிட்டது. “கடைசி மாசம் முழுக்க முத்து நொண்டலை வடிவு. டாக்டர் பொடி வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே யாரோ அதோட வலியை எடுத்துட்டா. வலி இல்லைன்னதும் அது நன்னா ஓடியிருக்கு. ஓட ஓட உள்ளே விரிசல் பெரிசாயிருக்கு. பழைய மருந்துக்கு அடங்காமப் போய் மறுபடி நொண்ட ஆரம்பிச்சப்போதான் மூர்த்தி டாக்டரைக் கூப்பிட்டிருக்கார். பழசு ஆறிப்போச்சுன்னு நினைச்ச அவருக்கு அது நிஜமாவே புது நொண்டிதான். அதுக்குமேல டாக்டர் பொடி.”

“மொதல்ல கொடுத்தது யாருங்க?”

அவர் படிக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பு கிடந்தது. ஒன்றைக் கையில் எடுத்தார். பிறகு மற்றதை.

“இது யாரோடது அஞ்சலை?”

“அவருதுங்க. வெறுங்காலோட ஜீப்புல ஏத்திட்டாங்க.”

வலது செருப்பு குதிகாலில் ஓட்டையே விழுந்திருந்தது. இடது செருப்பின் அடியில் தைத்த நூல்கூட அப்படியே இருந்தது. பூக்கடையில் பார்த்த அதே தேய்மானம். வடிவுக்குக் கேட்காதீங்க சார் என்று சொல்ல வாய் வந்தது. அவர் கேட்டுவிட்டார்.

“காளியப்பனுக்கு இடது கால்ல என்ன?”

“முட்டிங்க. ஆடி மாசம் இன்னொரு குதிரை ஒதைச்சிடுச்சு. பெரியாஸ்பத்திரியில புது மாத்திரை கொடுக்குறாங்க. வாராவாரம் நான்தாங்க வரிசையில நின்னு வாங்கியாறேன். சோறு தின்னுட்டுதான் போடணும், வெறும் வயித்துல போட்டா வயிறு புண்ணாயிடும்னு சொல்லித்தான் கொடுப்பாங்க. லாயத்துலயே களி தின்னுட்டுப் போட்டுக்கறேன்னு காலையில அன்னிக்குள்ளது மொத்தத்தையும் மடியில கட்டிக்கிட்டுப் போவாரு. மொதல் வாரம் நல்லாத்தான் கேட்டுச்சு. எந்திரிச்சு ஓடினாரு. அப்புறம் என்னவோ கேக்கவே இல்லீங்க. டாக்டரு என்னைத் திட்டினாரு, இந்த மாத்திரைக்கு அடங்காத வலி என்னம்மா வலின்னு...”

சொல்லிக்கொண்டே வந்தவள் திருநாராயணன் கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள். படியிலிருந்த லாடத்தைப் பார்த்தாள். ரெட்டைக் குங்குமம் வைத்த இடது லாடம்.

ஒரு வாரம் தின்று தனக்கு வலி போனதைக் கண்டவன், அதே காலில் நொண்டும் முத்துவைப் பார்த்திருக்கிறான். நொண்டும் குதிரையை வைத்துக்கொண்டு சோறு போடும் முதலாளி எந்த ஊரிலும் கிடையாது. தன் மாத்திரையைப் பொடித்து ராகி உருண்டைக்குள் வைத்திருக்கிறான். முத்து நடந்தது. இவன் நொண்டினான். யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் முதலாளி வெல்லத்துக்குள் வைத்தது இவனுக்குத் தெரியாது. அந்தக் குதிரைமேல் ஏறியது சேகரன்.

“ஐயா” என்றாள் அஞ்சலை. “அந்த மாத்திரை இல்லாட்டி முத்து நொண்டிக்கிட்டேதான இருந்திருக்கும்? ரேஸுக்கே போயிருக்காதுல்ல?”

திருநாராயணன் செருப்பைக் கீழே வைத்தார். முப்பது வருஷம் துப்பறிந்த மனுஷர். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டாரா என்று வடிவு அவர் முகத்தையே பார்த்தாள்.

“போயிருக்காதும்மா” என்றார்.

“நான்தானே வரிசையில நின்னு வாங்கியாந்தேன்” என்றாள் அஞ்சலை. அழவில்லை. அழுதிருந்தால் வடிவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். உள்ளே போய், விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். அடுப்படியில் உலை வைக்கிற சத்தம் கேட்டது.

குறடு சைக்கிள் கூடையிலேயே கிடந்தது. திருநாராயணன் லாடங்களை அடித்த இடத்திலேயே விட்டுவிட்டு, சைக்கிளைத் திருப்பினார்.

“இன்ஸ்பெக்டர்கிட்ட இதைச் சொல்லணுமுங்களா சார்?” வடிவு தெருமுனை வரை வந்துதான் கேட்டாள்.

“பெங்களூர்லேர்ந்து தூள் என்னன்னு எழுதி வரத்தானே போறது? அன்னிக்கு அது அவனுக்கு எதிரான சாட்சி. இன்னிக்கு நாமே சொன்னா, ஆஸ்பத்திரியில கொடுத்த மாத்திரை, அவ்வளவுதான். விஷம் இல்லை, கொலை இல்லை. முட்டாள்தனத்துக்கு ஜெயில் இல்லை.”

“முட்டாள்தனமுங்களா அது?”

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார்.

ஸ்டேஷனில் டாக்டர் பராசரன் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். அளவையும் சொன்னார், தாம் வாயை மூடிக்கொண்டு கேலரியில் உட்கார்ந்திருந்ததையும் சொன்னார். காளியப்பனின் மாத்திரையைத் திருநாராயணன் சொன்னார். இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“நொண்டற குதிரையை டாக்டர் வேண்டாம்னு சொல்லியும் ஓட விட்டவர் மூர்த்தி. அவரைத்தான் நான் மொதல்ல கேக்கணும்.” ஆள் அனுப்பினார். போன கான்ஸ்டபிள் வெறுங்கையோடு திரும்பினான். நரசிம்மமூர்த்தி மத்தியானமே குடும்பத்தோடு காரில் ஊட்டிக்குக் கிளம்பிவிட்டாராம். இன்ஸ்பெக்டர் போனை எடுத்து, குண்டலுபேட்டையில் காரை நிறுத்தச் சொன்னார். நிற்குமா, அதற்குள் தாண்டியிருக்குமா என்று யாருக்கும் தெரியவில்லை.

காளியப்பனை வெளியே கூட்டி வந்தார்கள். திருநாராயணன் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். டாக்டரும் பொடி கொடுத்த விஷயத்தை அவனிடம் சொன்னபோது, மூன்று நாளாக மூடியிருந்த அவன் வாய் திறந்தது.

“அதையும் கொடுத்தாங்களா?” என்றான் காளியப்பன். கரகரத்த, தேய்ந்த குரல். “எனக்குத் தெரியாதுங்களே. ரேஸன்னிக்கும் வலிக்கக் கூடாதுன்னு நான் ரெண்டு கூட வச்சேன் சாமி.”

இந்த மனுஷனைத் திட்டுவதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று வடிவுக்குப் புரியவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் அஞ்சலை தூக்குச் சட்டியோடு நின்றிருந்தாள். காளியப்பன் இடது காலை இழுத்து இழுத்து வந்து, அவளுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றுவிட்டான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அஞ்சலை, நான்தான்...”

“தெரியும். உக்காருங்க.”

உட்கார்ந்தான். அவள் இலையைப் போட்டுச் சோற்றை வைத்தாள். அவன் கை போகவில்லை.

“சாப்பிடுங்க. வெறும் வயித்துல கூடாது.”

அவன் சாப்பிட்டான். ஒவ்வொரு கவளமும் உள்ளே போகும்வரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு மாத்திரையை எடுத்து, அவன் உள்ளங்கையில் வைத்தாள். தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

“முழுங்குங்க. என் கண்ணு முன்னால முழுங்குங்க.”

முழுங்கினான்.

“வாயைத் தொறங்க.”

அவன் திறந்தான். அவள் ஒரு கையால் அவன் தாடையைப் பிடித்துத் தூக்கி, குதிரைக்கு மருந்து கொடுத்தால் பார்ப்பார்களே அப்படி, கன்னத்து ஓரமும் நாக்குக்கு அடியும் பார்த்தாள். மாத்திரை இல்லை என்று நிச்சயமானதும்தான் தாடையை விட்டாள்.

பிறகு சட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். காளியப்பன் பின்னால் நொண்டிக்கொண்டே போனான். அவன் எட்டிப் பிடிக்கட்டும் என்று அவள் ஒருதரம் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“ஏதாவது சொல்லேன் வடிவு” என்றார் திருநாராயணன்.

வடிவு கூடையிலிருந்த குறட்டை எடுத்துக்கொண்டு, அதைத் தச்சனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லி நடந்தாள்.